பாத்திமா: அழைத்த பெயர், எழுதாத பெயர்

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் மகளிர் பகுதி சார்பில் ஆற்றிய உரை)





இந்த மலருக்காக ஐம்பது ஆண்டுப் பதிவேடுகளை மகளிர் பகுதியினராகிய நாங்கள் புரட்டிப் பார்த்தோம். நாங்கள் தேடியது ஒரே ஒரு பெயரை. பத்து காஜாவில் நம் வீடுகளில் பாத்திமா இல்லாத குடும்பம் எது? பாத்திமா பீவி, பாத்திமா கனி, பாத்துமுத்து, செய்யது பாத்திமா என்று வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். ஆனால் பதிவேட்டில் அந்தப் பெயர் அகப்படவே இல்லை. "இன்னார் மனைவி", "இன்னார் தாயார்" என்றுதான் இருந்தது. அதனால்தான் இன்று இந்தப் பெயரைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தோம்.

பாத்திமா அரபுச் சொல். பால்குடி மறக்கச் செய்வதைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. பச்சிளம் பிள்ளைகள் எளிதில் இறந்துபோன அந்நாளில், பிள்ளை பால் மறந்து சோறு உண்ணும் வயதை எட்டுவது பெரிய காரியம். இந்தப் பிள்ளை பிழைத்து வளரட்டும் என்ற தாயின் துஆ அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது என்று நாங்கள் எண்ணிக்கொள்கிறோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தந்தையைப் பெற்ற பாட்டியார் பெயர் பாத்திமா. அலி (ரலி) அவர்களின் தாயார் பெயரும் பாத்திமாதான். ஆனாலும் உலகம் முழுவதும் இந்தப் பெயர் பரவியது நாயகத்தின் அருமை மகளாரால். அந்த மகளார் வந்தால் நாயகம் எழுந்து நின்று வரவேற்று, கையைப் பிடித்து முத்தமிட்டு, தம் இடத்தில் அமர வைப்பார்கள் என்று ஹதீஸ் சொல்கிறது. பெண் பிறந்தால் முகம் சுளித்த காலத்தில் அது நடந்தது.

இன்னொரு செய்தி எங்கள் நெஞ்சைத் தொடும். திருகை சுற்றிச் சுற்றிப் பாத்திமா (ரலி) அவர்களின் கை காய்த்துப் போனது. வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று தந்தையிடம் கேட்கப் போனார்கள். நாயகம் அன்றிரவே மகள் வீட்டுக்கு வந்து, படுக்கப் போகும்போது சுப்ஹானல்லாஹ் 33 தடவையும், அல்ஹம்துலில்லாஹ் 33 தடவையும், அல்லாஹு அக்பர் 34 தடவையும் ஓதுங்கள், வேலையாளைவிட அது உங்களுக்கு மேலானது என்றார்கள். நாம் ஓதும் பாத்திமா தஸ்பீஹ் அதுதான்.

அந்தக் காய்த்த கையை நாங்கள் இந்த ஊரிலும் கண்டிருக்கிறோம். நம் அத்தாமார் ஒட்டுக்கடை நடத்தினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கடைக்கு விடியுமுன் அம்மியில் மசாலா அரைத்தது யார்? தோட்டத்தில் இருந்தவர்கள் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனார்கள். நோன்பு மாதத்தில் பெரிய சட்டியில் கஞ்சி கிண்டியது யார்? பதிவேட்டில் "இன்னார் மனைவி" என்று இருப்பவர்கள்தான்.

தமிழில் 'ஃப' ஒலி இல்லாததால் நாம் அந்தப் பெயரைப் 'பா'வில் தொடங்கினோம். பாத்துமா, பாத்து என்று செல்லமாகச் சுருக்கினோம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் பாத்திமா நாயகியின் திருமணத்தை விரிவாகப் பாடுகிறது. இங்கே மலாய்க்காரர் வீட்டில் அதே பெயர் 'தீமா' ஆகிறது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மூலிகைக்குக்கூட 'கச்சிப் பாத்திமா' என்று பெயர். 1969இல் மலேசியாவின் முதல் பெண் அமைச்சரானவர் துன் பாத்திமா ஹாஷிம். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர் பாத்திமா பீவி. பிறகு தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். அம்மி அரைத்தவளுக்கும் அமைச்சருக்கும் நீதிபதிக்கும் பொருந்திய பெயர் இது.

இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் தேடுகிறார்கள். பாத்திமா என்றால் "நன்னி காலத்துப் பெயர்" என்கிறார்கள். புதுப் பெயர் வைப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை; நல்ல பொருள் இருந்தால் சரிதான். ஏழாம் நாள் முடியிறக்கி, முடியின் எடைக்கு வெள்ளி தருமம் செய்கிறோமே, பாத்திமா (ரலி) அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் செய்ததாக அறிவிப்பு உண்டு. பெயர் மாறினாலும் அந்தத் தாயின் வழி நம் வீட்டில் இருக்கிறது.

எங்கள் வருத்தம் வேறு. கல்யாணம் ஆனாலும் நாயகத்தின் மகளார் பாத்திமா பின்த் முஹம்மதாகவே இருந்தார்கள். நம் அடையாளக் கார்டிலும் 'பிந்தி' என்று தகப்பன் பெயர்தான் நிற்கிறது. மார்க்கமும் அரசாங்கமும் ஒரு பெண்ணுக்கு விட்டுவைத்த பெயரை, நம் சங்கத்துப் பதிவேடு விட்டுவைக்கவில்லை. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அக்காலத்தில் மரியாதை என்றே அப்படி எழுதினார்கள். ஆனால் அவர்கள் மவுத்தானபின் பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த மலர் வீட்டுக்கு வந்ததும், குடும்பத்தில் மூத்தவர்களிடம் கேளுங்கள். உங்கள் நன்னியின் முழுப் பெயர், அவர் தகப்பனார் பெயர், வந்த ஊர், செய்த வேலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். "இன்னார் மனைவி" என்ற வரிகளுக்கு எதிரே அந்தப் பெயர்களை நாங்கள் எழுதிச் சேர்க்கிறோம். பலர் பாத்திமாவாகவே இருப்பார்கள். இருக்கட்டும், ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே எழுதுவோம்.

அல்லாஹ் அவர்கள் எல்லாருடைய கபுறையும் விசாலமாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.