மிளகாய் வயலுக்கு வருவோர்



சாத்தூர்ச் சம்பாவையும் இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயையும் உண்டு வளர்ந்த நாம், ஹைதராபாத்திற்கு வந்தபின் கம்மம், வரங்கல் சந்தைகளின் மிளகாய்க்குப் பழகிவிட்டோம். அந்த மிளகாயைப் பறிக்கும் கைகளைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

மிளகாய் ஒரே நாளில் பழுப்பதன்று. ஒரு செடியிலேயே பூவும் காயும் பழமும் சேர்ந்திருக்கும். ஆகவே, பல தடவை, கையாலேயே பறிக்க வேண்டும். பழம் செடியில் நெடுநாள் நின்றால் நிறம் கெட்டு விலை இறங்கிவிடும். அந்தச் சில வாரங்களில் உள்ளூர் ஆட்கள் போதுவதில்லை. எல்லைக்கு அப்பால், சத்தீஸ்கரின் பீஜாப்பூர் போன்ற மாவட்டங்களிலோ, மழையை நம்பிய ஒருபோக நெல் அறுவடையானபின் வேலை அரிது. அங்குள்ள பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து, வயலோரத்தில் குடிசை போட்டுத் தங்கிப் பறிக்கிறார்கள். காரம் விரல்களில் ஏறி இரவெல்லாம் எரியும். அக்கையால் கண்ணைத் துடைக்கவும் இயலாது. பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவர் சிறுமியரும் பெரியவர்களோடு வருகிறார்கள்.

வயலுக்குடையவர் எல்லோரும் செல்வர் என்று எண்ணிவிடக் கூடாது. பலர் கடன் வாங்கிக் குத்தகை நிலத்தில் பயிரிடுபவர்கள். ஆயினும், அவர்களுடைய நட்டத்தின் சுமை பறிப்பவரின் கூலியில் வந்து இறங்குவதை நியாயம் என்று எவர் கூறுவார்?

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விவசாய வேலையையும் உட்கொண்டிருந்தது. அந்தக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பேயாகும் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கென்றே 1979இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், தொழிலாளருக்குக் கணக்குப் புத்தகம் தர வேண்டும் என்றெல்லாம் அதில் விதிகள் இருந்தன. ஐவர் இருந்தாலே அச்சட்டம் பொருந்தியது. அதன் இடத்திற்கென 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டமோ அந்த எண்ணைப் பத்தாக உயர்த்தியது. ஆனால், உறவினர் ஒருவர் பின்னே நடந்து வருபவருக்கு உரிமம் ஏது, புத்தகம் ஏது?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம்மவர் சென்ற காலத்தில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் அத்துண்டில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்திற்கே அவர் செல்ல முடியும். 1921இல் அது ஒழிக்கப்பட்டது. அங்கே தாள் மனிதரைக் கட்டியது. இங்கே தாளே இல்லாமையால் மனிதர் எந்தக் கணக்கிலும் இல்லாமற் போகிறார்.

இதன் விளைவை 2020இல் கண்டோம். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஹைதராபாத்தை அடுத்த கந்தியில், ஓர் உயர்கல்வி நிலையத்தின் கட்டட வேலைக்கு வந்திருந்தவர்கள் ஒரே இடத்தில் திரளாக இருந்தார்கள். ஊதியமும் ஊர் திரும்ப வழியும் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். மே 1ஆம் நாள், தொழிலாளருக்கென நாட்டில் ஓடிய முதல் தனி ரயில் சுமார் 1,200 பேருடன் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குப் புறப்பட்டது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், தெலங்கானாவின் மிளகாய் வயலிலிருந்து பீஜாப்பூர் மாவட்டத்திலுள்ள தம் ஊர்களை நோக்கி ஒரு சிறு கூட்டம் காட்டு வழியே நடந்தது. மூன்று நாள் நடந்தபின், வீட்டை நெருங்கும் வேளையில், அக்கூட்டத்தில் இருந்த 12 வயதுச் சிறுமி வழியிலேயே இறந்தாள். அவள் வயலில் இருந்தாள் என்பதை அதற்கு முன் எந்த அலுவலகமும் அறியாது.

மொழிபெயர்ப்பு என் தொழிலாதலால் சொற்கள் என்னை உறுத்துவதுண்டு. நாமும் மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்களே. ஆனால், நம்மை ‘மாற்றலாகி வந்தவர்’ என்கிறார்கள். அவர்களை ‘இடம்பெயர்ந்தோர்’ என்கிறார்கள். நமக்கு முன்னே நம் பெயர் தாங்கிய உத்தரவு வந்து சேர்கிறது; பயணப்படியும் உண்டு.

அவர்களுக்கும் பெயர் எழுதப்பட வேண்டும். புறப்படும் ஊராட்சியில் ஒருமுறையும், வந்து சேரும் ஊராட்சியில் ஒருமுறையும் எழுதலாம். 2019 ஆகஸ்டில் ஆந்திரத்தின் ரேஷன் அட்டையைத் தெலங்கானாவில் ஏற்கத் தொடங்கியபோது, எல்லை கடந்தும் ஒரு பதிவு செல்லும் என்பது தெளிவாயிற்று. குடும்பத் தலைவரின் பெயரோடு நின்றுவிடாமல், பறிக்கும் பெண்ணின் பெயரும் கூலியும் தனியே பதிவாக வேண்டும். குழந்தையின் பெயர் அவ்வூர்ப் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஏற வேண்டும். அறுவடை முடியும் வரையிலாவது.