வயிற்றுக்குள் ஒரு பலூன்

"அறுவையின்றி உடல் இளைக்க வயிற்றுக்குள் பலூன் வைக்கிறார்களாமே?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். வைக்கிறார்கள். ஆனால், அந்தப் பலூனை எடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதை அவர் கேட்கவில்லை. அதைப் பற்றியே நேயர்களிடம் பேச விரும்புகிறேன்.

1985-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இத்தகைய பலூன் ஒன்றுக்கு அனுமதி வழங்கிற்று. 220 மில்லிலிட்டர் காற்று கொள்ளும் சிறு உருளை அது. ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு சாராருக்கு அதை வைத்தனர். மற்றொரு சாராருக்கு வைத்ததுபோலப் பாவனை செய்தனர். உணவுக் கட்டுப்பாடோ இருவருக்கும் ஒன்றே. எடை குறைந்ததில் வேறுபாடு காணோம்! இளைக்கச் செய்தது பத்தியமே. பலூன் சிலருக்கு இரைப்பைப் புண்ணைத் தந்தது. சிலருக்குச் சுருங்கிக் குடலில் இறங்கி அடைத்துக்கொண்டது. 1988-இல் அதன் விற்பனை நின்றது.

இதற்கிடையே 1987-இல் புளோரிடாவில் வல்லுநர்கள் கூடி, பலூன் வழவழப்பாகவும், நீர் நிரப்பத்தக்கதாகவும், அளவை மாற்றத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்றனர். பின்னர் சிலிக்கோன் பலூன்கள் வந்தன. வாய்வழியே இறக்கி, 400 முதல் 700 மில்லிலிட்டர் வரை உப்பு நீர் நிரப்பி, ஆறு மாதம் வைத்திருப்பர். அந்நீரில் நீலச் சாயமும் கலப்பதுண்டு. பலூன் கசிந்தால் சிறுநீரின் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இனிப் பலனுக்கு வருவோம். 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரட்டைப் பலூனின் சோதனையில், ஆறு மாதத்தில் சராசரியாக ஆறரைக் கிலோ குறைந்தது. பலூன் இன்றி உணவு, உடற்பயிற்சி அறிவுரைகளை மட்டும் பின்பற்றியோருக்கும் மூன்றே கால் கிலோ குறைந்தது. ஆகவே பலூனின் தனிப் பங்கு அதில் பாதிதான். எடுத்து ஆறு மாதம் சென்றபின் பார்த்தபோது, குறைந்த ஆறரையில் நாலரைக் கிலோவே நிலைத்திருந்தது. அதே ஆண்டு அனுமதி பெற்ற ஒற்றைப் பலூனோ உடல் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக் குறைத்தது. நல்ல பலன்தான், எனினும் முதல் நாட்களில் குமட்டலும் வாந்தியும் பலரை வாட்டும். பலூன் வைத்துக்கொண்டோர் சிலர் இறந்ததைக் குறித்து 2017-இல் அமெரிக்க அரசு மருத்துவர்களை எச்சரித்தது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால், எடுத்தபின் என் சாப்பாட்டைக் கவனிப்பவர் யார் என்று மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.