யார் செய்தது?

(நம் குடியிருப்பின் மொட்டைமாடிக் கூடத்தில் நடந்த வாசிப்பு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் காலாண்டிதழுக்குத் தருகிறேன்.)



என்னைப் பேசச் சொன்னபோது கமிட்டி ஒரு நிபந்தனை வைத்தது. சமீபத்தில் படித்த நாவல்களைப் பற்றி மட்டும் பேச வேண்டும், வங்கிக் கதை வேண்டாம் என்றார்கள். முதல் பாதிக்கு நான் உத்தரவாதம். இரண்டாம் பாதிக்கு முடிந்தவரை முயல்கிறேன்.

படிக்க நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். திருவண்ணாமலையில் குடியிருப்பவனுக்கு மாதம் ஒரு முழு இரவும் அரைப் பகலும் தானாகவே கிடைத்துவிடும். பௌர்ணமி அன்று வண்டியை வெளியே எடுக்க முடியுமா? கிரிவலக் கூட்டம் ஊரை மூடிவிடும். அந்த நேரம் எனக்குப் புத்தக நேரம். இந்த நான்கைந்து பௌர்ணமிகளில் படித்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

துப்பறியும் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு நம் மாவட்டத்துச் சொந்தம் ஒன்று உண்டு. ஆரணிக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகிறோம், அரிசி மூட்டை வாங்குகிறோம். தமிழில் துப்பறியும் நாவலைப் பரவலாக்கிய முன்னோடிகளில் ஒருவரான ஆரணி குப்புசாமி முதலியார் அந்த ஊர்க்காரர் என்பது பலருக்கு நினைவில்லை. 1925-இல் காலமானவர், 'ஆனந்தபோதினி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கில நாவல்களைத் தழுவி, ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் தமிழாக்கி, பாகம் பாகமாக எழுதித் தள்ளினார். 'இரத்தினபுரி இரகசியம்' அவற்றில் பெயர் பெற்றது. இன்று அதைப் படிக்கப் பொறுமை வேண்டும், மறைக்கவில்லை. வாக்கியம் ரயில் பெட்டிகள் மாதிரி நீளும், நடுவில் உபதேசம் வரும். ஆனால் ஒன்று பாருங்கள்: எழுதப் படிக்கக் கற்ற முதல் தலைமுறைக் குடும்பங்களில் பலருக்கு ஒரு தடித்த புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் பழக்கத்தைக் கொடுத்தவை இந்த மாதிரி நாவல்கள்தான். இவை ஜனங்களைக் கெடுக்கின்றன என்று அன்றைக்கும் கண்டித்தார்கள். இன்று பேரன் கையில் இருக்கும் போனைப் பற்றி நாம் சொல்வது அதேதான்.

அதற்குப் பிறகு சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. 1980-களின் தொடக்கத்தில் குமுதத்தில் வாராவாரம் வந்தபோது எங்கள் வயதுக்காரர்கள் கடையில் கட்டுப் பிரிக்கும் முன்பே காத்து நின்றது உண்டு. லீனா என்ற பெண்ணுக்கு வர வேண்டிய பெரிய சொத்து, கணேஷ் வசந்த் என்ற இரண்டு வக்கீல்கள், இருட்டில் தெரியும் ஒரு பெண் உருவம். பேயா, விஞ்ஞானமா? எழுதியவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு பெற்றவர். அதனால் விஞ்ஞானம் பக்கம்தான் தராசு சாயும் என்று நினைப்போம். சாயத்தான் செய்கிறது. ஆனாலும் முழுசாகச் சாய விடாமல் ஒரு விரலை வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். படிக்காதவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாற்பது ஆண்டு கழித்துப் படித்தபோது வசந்தின் பெண்கள் பற்றிய கிண்டல்கள் எனக்கு ரசிக்கவில்லை. வேகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

துப்பறியும் கதையில் எனக்குப் பிடித்தது அது டேலி ஆவது. மாலையில் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், இரண்டும் ஒத்துப்போனால் வீட்டுக்குக் கிளம்பலாம். கொலைகாரன் இவன், காரணம் இது, கணக்கு முடிந்தது. நிம்மதியாகத் தூங்கலாம். (வங்கிக் கதை இல்லை இது, உவமை.)

சரித்திர நாவலுக்கு வருகிறேன். 'பொன்னியின் செல்வன்' பற்றி இந்தக் கூடத்தில் நான் புதிதாக என்ன சொல்ல? 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தது, மணிரத்னம் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு நம் கல்லூரிப் பிள்ளைகளும் குந்தவை, வந்தியத்தேவன் என்று பேசுகிறார்கள். என்னை இந்த முறை பிடித்துக்கொண்டது ஆதித்த கரிகாலன் கொலை. ஐந்து பாகம் எழுதிய கல்கி, அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டு, யார் கை என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, சரித்திரமும் அதைச் சொல்லவில்லை. நமக்கு மிஞ்சியது காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்கிறது தெரியுமா? அவர்களுடையதும் உறவினர்களுடையதுமான நிலம் பறிமுதலாகி, விற்பனையாகி, அறக்கட்டளைக்குப் போன விவரத்தில்! ஒரு இளவரசன் கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்த பெரிய சாட்சி ஒரு சொத்துப் பத்திரம். எதற்காகக் கொன்றார்கள், யார் தூண்டினார்கள், ஒரு சொல் கிடையாது. நீலகண்ட சாஸ்திரிக்கு உத்தம சோழர் மேல் சந்தேகம். குடவாயில் பாலசுப்ரமணியன் அதை மறுக்கிறார். ஆயிரம் ஆண்டு தாண்டியும் அந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

சரித்திரம் என்றால் நமக்கு ராஜா, குதிரை, கோபுரம். நம் ஊரிலேயே வல்லாள மகாராஜா பெயரில் கோபுரம், கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் என்று அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டோம். ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013) கழுத்தைக் கீழே இறக்கியது. காலம் 1870-களின் தாது வருஷப் பஞ்சம். சென்னையில் போலீஸ் அதிகாரியாக இருக்கும் ஐரிஷ்காரன் ஏய்டன் பர்ன். ஐஸ் ஹவுஸ் கூலிகள் இருவரை ஒருவன் சவுக்கால் அடிப்பதை அவன் பார்ப்பதிலிருந்து கதை கிளம்புகிறது. ஐஸ் ஹவுஸ் என்றால் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அதே கட்டடம். அமெரிக்காவில் ஏரியில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரியின் யோசனை அது. துரைமார்களின் விஸ்கிக்கு ஐஸ் உலகத்தைச் சுற்றி வந்தது. அதே துறைமுகத்தில் பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறியது.

நாவல் கற்பனைதான். பஞ்சம் கற்பனை இல்லை. செத்தவர்கள் அரை கோடிக்குக் குறையாது என்பார்கள். வட ஆற்காடும் அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும். நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு அது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு அப்படி வெட்டப்பட்டதுதான். அன்றைய கவர்னர் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. பறக்கும் ரயிலில் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோமே, அதுதான். சில இடங்களில் பாத்திரங்கள் கட்டுரை மாதிரிப் பேசுகிறார்கள், ஏய்டனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தத்துவம் தெரிகிறது. ஆனால் அவன் சென்னையை விட்டுச் சாலையில் போய்ப் பஞ்சத்தைப் பார்க்கும் பகுதியைப் படித்த அன்று ராத்திரி என்னால் சாப்பிட முடியவில்லை. வீட்டில் ஏன் என்று கேட்டார்கள். புத்தகம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இனி இமையத்தின் 'செல்லாத பணம்'. உண்மையில் இந்தப் பேச்சே இதற்காகத்தான்.

இமையம் விருத்தாசலம் பக்கத்தில் ஆசிரியராக இருந்தவர். 1994-இல் 'கோவேறு கழுதைகள்' எழுதி அறிமுகமானவர். 'செல்லாத பணம்' 2018-இல் வந்தது, 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைப்பைப் பார்த்து நான் 2016 நவம்பர் கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். அந்த நாட்களில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவனுக்கு அப்படித்தானே தோன்றும்? இது அந்தப் பணம் இல்லை. நடேசன் ஒரு தலைமையாசிரியர், வசதியானவர். மகள் ரேவதி பொறியியல் படித்தவள். ஆட்டோ ஓட்டும் ரவியைத்தான் கட்டுவேன் என்கிறாள். வீட்டில் கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள், கடைசியில் கட்டிவைக்கிறார்கள். அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார். அம்மா மறைவாகக் காசு கொடுக்கிறாள். சில வருஷம் கழித்து ஒருநாள் ரேவதி தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டுக்கு வெளியேதான் நடக்கிறது. எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று அப்பா பணத்தோடு நிற்கிறார். அந்தப் பணத்துக்குத்தான் அங்கே மதிப்பில்லை.

செஞ்சி, திண்டிவனம் வழியாக ஜிப்மருக்கு ஓடிய அனுபவம் இங்கே எத்தனை வீட்டுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த வராண்டாவை விவரிக்க வேண்டாம். பேச்சும் நம் பக்கத்துப் பேச்சு. பக்கம் பக்கமாக உரையாடல்தான், வர்ணனை குறைவு. 'எத்தனை சதவீதம்?' என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் அந்தச் சொல்லை வட்டிக்குத்தான் பயன்படுத்தினேன்.

கமிட்டி மன்னிக்க வேண்டும், ஒரே ஒரு வங்கிச் சம்பவம். ஒரு பெரியவர், மகள் கல்யாணத்துக்கென்று போட்டிருந்த எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்னால் உடைக்க வந்தார். வட்டி குறையும் என்று விதிப்படி சொன்னேன். "வட்டி கெடக்குது சார், சாயந்தரத்துக்குள்ள குடுத்துடுவீங்களா?" என்றார். எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்கும் இடமும் அது இல்லை. நடேசன் பணத்தோடு நிற்கும் பக்கங்களில் எனக்குத் தெரிந்தது அந்தப் பெரியவரின் முகம்.

தீ வைத்தது யார்? அவளா, அவனா, விபத்தா? போலீசும் கேட்கிறது, உறவும் கேட்கிறது, நாமும் கேட்கிறோம். ரேவதியின் அண்ணி அருண்மொழியும் ரவியும் நேருக்கு நேர் பேசும் ஒரு நீண்ட பகுதி வருகிறது. அதுவரை ரவியைத் திட்டிக்கொண்டே படித்தேன். அவன் பேசப் பேச, அவனை ஒரு மனுஷனாகக்கூட யாரும் உட்கார வைக்கவில்லை என்பது புரிகிறது. புரிகிறது, மன்னிக்க முடியவில்லை. ஆசிரியர் கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை. கல்கி விளக்கை அணைத்தது போல இவரும் அணைத்துவிட்டார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தெரியாவிட்டால் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை, அது சுவாரசியம். இங்கே தெரியாமல் போவது வலிக்கிறது. கணக்கு டேலி ஆகாமலே புத்தகத்தை மூட வேண்டியிருக்கிறது.

இதைத்தான் மூன்றாவது மாடி அம்மா ஒருவர் நாற்பது பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், டி.வி.லதான் அழுகை, புத்தகத்துலயுமா? நம்ம வயசுக்கு இதெல்லாம் தேவையா?" நியாயமான கேள்வி. அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. அலமாரியில் இனி மனசுக்கு இதமான புத்தகம் மட்டும் வைக்கலாம் என்று கமிட்டிக்கு ஒரு கடிதமும் வந்திருக்கிறது.

அந்தக் கடிதத்தை நான் ஏற்கவில்லை. ஆன்மிகப் புத்தகங்கள் இரண்டு தட்டு நிறைய இருக்கின்றன, இருக்கட்டும், நானும் எடுத்துப் படிக்கிறேன். ஆனால் நம் நான்கு மாடியில், மகனோ மகளோ "அப்பா, ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்த வீடுகள் எத்தனை? ஆரம்பிக்கப் பயந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை? ரேவதி தேர்ந்தெடுத்தது சரி என்று நாவல் சொல்லவில்லை. பெற்றோர் பயந்தது தப்பு என்றும் சொல்லவில்லை. பேச்சு நின்றுபோன அந்த வருஷங்களில் என்ன நடந்தது என்பது அப்பாவுக்குத் தெரியவே இல்லை என்று காட்டுகிறது. தெரிந்துகொள்ள அவர் ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருந்தது. என் வீட்டில் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தது. நடேசன் செய்ததில் என்ன தப்பு என்று ஒருவர், பேசாமல் இருந்ததுதான் தப்பு என்று இன்னொருவர். கதையில் வரும் ஆள் என்பதால் இருவரும் தைரியமாகப் பேசினார்கள்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: முதல் நாற்பது பக்கத்தை விட்டுவிட்டு, அருண்மொழி ரவியிடம் பேசும் இடத்தை மட்டும் படியுங்கள், பிறகு வேண்டுமானால் முன்னே போங்கள். புத்தகத்தை மறுபடி எடுத்துப் போயிருக்கிறார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கும் ஆவல்.

'வெள்ளை யானை' அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது, 'கொலையுதிர் காலம்' என் மேஜையில். எடுப்பவர்கள் நோட்டில் பிளாட் எண்ணும் தேதியும் எழுதுங்கள், வெறும் கையெழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. கமிட்டி முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. பௌர்ணமி அன்று இல்லை, பார்த்துத்தான் வைத்திருக்கிறோம். அலமாரி பற்றி அபிப்பிராயம் உள்ளவர்கள், எந்தப் பக்கமாக இருந்தாலும், நேரில் வந்து சொல்லுங்கள்.