ஒரே கணக்கில் பல கணினிகள்



அறந்தாங்கி பயிற்சி மையத்தில் வகுப்பு முடிந்தபின் சும்மா இருக்கும் கணினிகளை மருத்துவ ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று நம் இளைஞர்கள் கேட்டார்கள். வழி இருக்கிறது. 2004இல் ஐபிஎம் தொடங்கிய ‘வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்’ திட்டம், புற்றுநோய், காசநோய் ஆய்வுகளின் பெரிய கணக்கீடுகளைத் துண்டு துண்டாக்கி, உலகெங்கும் தன்னார்வலர்களின் கணினிகளுக்கு அனுப்பி வந்திருக்கிறது. ‘பாயிங்க்’ மென்பொருளை ஒவ்வொரு கணினியிலும் நிறுவி, ஒரே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்தால், எல்லாவற்றின் உழைப்பும் ஒரே கணக்கில் சேரும்.

ஆனால் இரவெல்லாம் கணினி ஓடினால் மின்கட்டணம் கூடும். அந்தப் பணம் பிள்ளைகளின் படிப்புக்கென நீங்கள் தந்த அமானிதம். நல்ல காரியமென்றாலும் அதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. இதற்கெனத் தனியே தருவோர் முன்வந்தால் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.