கடல்கடந்து குடிபெயர்வோர் கொண்டு செல்வனவும் விட்டுச் செல்வனவும்

(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில், பிள்ளைகளுள் ஒருவரேனும் அயல்நாட்டில் வாழும் நயினார் குடும்பங்கள் பல உள. வேலைக்கான ஆணை வருகிறது, விசா கிடைக்கிறது, பயண நாளும் குறிக்கப்படுகிறது. அன்று மாலையே வீட்டின் நடுக்கூடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. எதை எடுத்துச் செல்வது? எதை விட்டுச் செல்வது? பெட்டி கட்டுவது சிறு வேலை என்று பலர் எண்ணுவர். ஆயின் குடும்பத்தின் பணமும், நாட்டின் சட்டமும், முதியோரின் மனமும் ஒருசேர நிற்கும் இடம் அது. அதனைப் பற்றியதே இவ்வுரை.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் பம்பாயில் 'கிளைடு' என்னும் கப்பலேறி இலண்டனுக்குப் புறப்பட்டார். தாயார் தயங்கியபோது, பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று உறுதி பூண்ட பின்னரே அவருக்கு விடை கிடைத்தது. அவரே பின்னாளில் காந்தியடிகள் எனப் போற்றப்பெற்றவர். கப்பலில் பெரும்பாலும் தாம் கொண்டு சென்ற இனிப்புகளையும் பழங்களையும் உண்டே அவர் நாள்களைக் கழித்தார். கரையிறங்கும்போது வெள்ளைக் கம்பளித் துணி உடை அணிந்திருந்தார். செப்டம்பர் இறுதியில் அவ்வகை உடை அணிந்தவர் அங்கே அவர் ஒருவரே. மாற்றிக்கொள்ள வழியில்லை. பிறர் செய்வதைக் கண்டு, உடைமைகள் அனைத்தையும், சாவிகள் உட்பட, ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தார். அன்று சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு ஆதலால் பெட்டிகள் கிடைக்கமாட்டா என்று விடுதியில் கூறினர். அந்நாளைய எரிச்சலையும் கூச்சத்தையும் தம் வரலாற்று நூலில் அவர் மறையாது எழுதியுள்ளார்.

நூற்றாண்டுக்கு முற்பட்ட இந்நிகழ்ச்சி இன்றும் பாடமாக நிற்கிறது. கப்பலில் செல்லும் பொருள் வேறு. கையோடு செல்லும் பொருள் வேறு. முதல் சில வாரங்களுக்கான உடை, மருந்து, மருத்துவரின் சீட்டு, மூக்குக்கண்ணாடி, கல்விச் சான்றிதழ்களின் மூலப்படிகள், பிறப்பு, திருமணச் சான்றுகள், நகைகள் ஆகியவை ஒருபோதும் சரக்குப் பெட்டிக்குள் செல்லலாகா. சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை தேவைப்படுமாயின், அதனைப் புறப்படும் முன்னரே பெறுதல் வேண்டும். இந்தியா 2005ஆம் ஆண்டு முதல் அவ்வுடன்படிக்கையில் உள்ளது. மாநில அரசின் சான்றொப்பம் முதலில், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை பின்னர் என்பதே முறை.

இனிச் சரக்கின் கணக்கைக் காண்போர், ஓர் அடிப்படையை முதலில் உணர வேண்டும். வீட்டுப் பொருளுக்குக் கப்பலில் கட்டணம் பெரிதும் இடத்திற்கே; எடைக்கன்று. இருபதடிக் கன்டெய்னரின் உள்ளிடம் ஏறத்தாழ 33 கன மீட்டர். நாற்பதடிக் கன்டெய்னரின் உள்ளிடம் ஏறத்தாழ 67 கன மீட்டர். அவ்வளவு பொருள் இல்லாதோர், பலர் சரக்கோடு தம் சரக்கையும் சேர்த்து அனுப்பலாம். ஆனால் அனைவர் பெட்டிகளும் சேரும்வரை காத்திருத்தல் வேண்டும். விமானத்திலோ எடை, கன அளவு இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுப்பது வழக்கம். 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் தலையணைகளை அடைத்தால், அதன் எடை 8 கிலோவாக இருப்பினும் 20 கிலோவுக்குப் பணம் செலுத்த நேரும். ஆகவே நூல்கள் கப்பலில் செல்லட்டும். அவற்றையும் தூக்கக்கூடிய சிறு பெட்டிகளில் அடைத்தல் நன்று. மெத்தையும் தலையணையும் இங்கேயே தங்கட்டும்.

வந்தவாசிக்கு அருகிலுள்ள ஊரொன்றிலிருந்து மெல்பேர்ன் நகருக்குக் குடிபெயரும் ஓர் இளந்தம்பதியரை அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறது இவ்வுரை. மருமகள் வெட் கிரைண்டரைக் கட்டச் சொல்கிறாள். ஆஸ்திரேலியாவில் மின்சாரம் இங்குள்ளது போன்றே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்காவாயின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்; இங்குள்ள கிரைண்டர் அங்கே வீண் சுமை. அந்நாட்டு மின்னழுத்தத்திற்கென்றே செய்யப்பட்டதை வாங்கிச் செல்வதே அறிவுடைமை.

மாமியார் அவரை விதையும் கீரை விதையும் பொட்டலம் கட்டித் தருகிறார். அன்பு பெரிது, ஆனால் ஆஸ்திரேலியாவின் உயிர்க்காப்புச் சட்டம் கடுமையானது. விதை, செடி, உணவுப்பொருள், மரப்பொருள், மண் ஒட்டிய காலணி ஆகிய யாவும் அறிவிக்கப்பட வேண்டும். கப்பலில் வந்த பெட்டியில் ஐயத்திற்குரிய பொருள் இருப்பின், உரிமையாளர் செலவிலேயே அதனைத் தூய்மை செய்வர் அல்லது அழிப்பர். விமான நிலையத்தில் அறிவிக்காது மறைத்தவருக்கு அபராதம் உண்டு. விசா நீக்கப்படவும் கூடும். மயிற்பீலியையோ இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்வதற்கே தடை உண்டு. ஐயமுள்ள பொருளை அறிவித்துவிடுவது குற்றமன்று, மறைப்பதே குற்றம்.

சுங்க வரி பற்றியும் ஒரு சொல். புதுப் பாத்திரமும் புதுத் தொலைக்காட்சியும் வாங்கி அனுப்புவோர் வரி செலுத்த நேரலாம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஓராண்டேனும் பயன்படுத்திய வீட்டுப் பொருளுக்கே வரிவிலக்கு. பிரிட்டனில் ஆறு மாதம் பயன்படுத்தியிருத்தல் வேண்டும். சரக்கு சேருமுன்பே விண்ணப்பித்து எண் பெறுதலும் வேண்டும். கனடாவிற்குக் குடியேறுவோர், பின்னால் வரவிருக்கும் பொருள்களின் பட்டியலை முதன்முறை நுழையும் நாளிலேயே அதிகாரியிடம் காட்டியாக வேண்டும். ஆதலால் பட்டியலே இப்பயணத்தின் உயிர். "வீட்டுச் சாமான்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால், பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு, உள்ளிருப்பதை ஒன்றொன்றாக எழுதி, மதிப்பும் குறித்தல் வேண்டும்.

காப்பீட்டைச் செலவென்று தள்ளுவோர் 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தை நினைவுகூர வேண்டும். 'எவர் கிவன்' என்னும் பெருங்கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள்கள் சிக்கிக் கிடந்தது. கப்பலை மீட்ட செலவைச் சரக்குடையோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்னும் பழங்கடல் வழக்கம் அப்போது நடைமுறைக்கு வந்தது. தம் பெட்டிக்குச் சிறு கீறலும் நேராதவர்கூடப் பிணைத்தொகை கட்டாமல் பொருளைப் பெற இயலவில்லை. காப்பீடு உடையோர் சார்பில் அச்சுமையை ஏற்க நிறுவனம் இருந்தது. இல்லாதோர் தாமே சுமந்தனர். மேலும், உரிமையாளர் தாமே கட்டிய பெட்டியில் பொருள் உடைந்தால் இழப்பீடு பெறுதல் பொதுவாகக் கடினம் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

இனி, பூசையறைக்கு வருவோம். அந்தத் தம்பதியர் வீட்டில் பாட்டியார் ஒருவர் இருக்கிறார். அவர் தம் மாமியாரிடமிருந்து பெற்ற சிறு வெண்கலப் பிரதிமை ஒன்றும், சிவப்புத் துணியில் சுற்றிய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றும் அங்கே உள்ளன. "உங்களோடு இருக்கட்டும்" என்று பேரனிடம் நீட்டுகிறார். மறுக்க மனம் வருமா? ஆயினும் மறுத்தே ஆக வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத சிற்பமும் கலைப்பொருளும் தொல்பொருளாகும். வரலாற்று, இலக்கிய மதிப்புடைய சுவடிக்கோ எழுபத்தைந்து ஆண்டுகளே போதும். அவற்றைத் தனியொருவர் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அண்மைக் காலத்தில் வார்த்த பிரதிமையாயினும், அது தொல்பொருளன்று என்னும் சான்றினைத் தொல்லியல் துறையிடம் பெற்றுக்கொண்டால், சுங்க அதிகாரியின் முன் வழக்காட வேண்டியதில்லை. பேரன் தனக்கெனப் புதிய பிரதிமை ஒன்றை வாங்கிச் செல்லலாம்; வாங்கிய சீட்டையும் உடன் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் இங்கே குடும்பத்திற்குப் பகையன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, கும்பகோணத்துச் சமணர்களே அவருக்கு நூற்பொருளை விளக்கி உதவினர். 1887இல் அந்நூல் அச்சேறியது. ஏடு இம்மண்ணில் இருந்தமையாலும், அதன் பொருள் அறிந்தோர் அருகில் இருந்தமையாலுமே அது கைகூடியது. பாட்டியார் வைத்திருக்கும் கட்டில் என்ன இருக்கிறதென்று குடும்பத்தில் எவரும் பிரித்துப் பார்த்திலர். பேரன் செய்ய வேண்டுவது யாது? புறப்படும் முன் ஒரு நாளை அதற்கென ஒதுக்கி, அறிந்தோர் துணையோடு ஒவ்வோர் ஏட்டையும் படம் எடுத்தல் வேண்டும். மூலத்தை வீட்டுப் பேழையிலோ, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடத்திலோ பாட்டியாரின் இசைவோடு சேர்த்தல் வேண்டும். படம் கடல் கடக்கட்டும். ஏடு கரையிலேயே இருக்கட்டும்.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று; உடைமைக்குத் தானே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுதல் அதன் நெறி. குடிபெயர்வோர்க்கு அந்நெறி ஏட்டுச் சொல்லாக இராது. இரண்டு கன மீட்டர் என்று முதலில் எல்லை வகுத்து, பின்னர்ப் பொருளைத் தேர்ந்தால் மனமும் இலேசாகும், பணமும் மிஞ்சும். பொருளை முதலில் குவித்துப் பின்னர் இடம் தேடுவோர்க்கு இரண்டும் இல்லை.

இறுதியாக ஒன்று. பெட்டி கட்டும் ஆள்கள் வந்த பின் முதியோரிடம் கேட்பது முறையன்று. அவர்கள் வருவதற்குப் பல நாள் முன்பே, வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் பற்றிப் பெற்றோரோடும் பாட்டியாரோடும் அமர்ந்து பேசுதல் வேண்டும். வங்கிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர்க்குரியதாக மாற்றிய விவரம், வீட்டுப் பத்திரம், சாவிகள், அவசரத்திற்கு அழைக்க வேண்டிய அண்டைவீட்டார் எண் ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் கையில் தருதல் வேண்டும். கப்பலில் செல்லும் பெட்டிக்குப் பட்டியல் எழுதும் பிள்ளை, வீட்டில் தங்கும் தாய் தந்தையர்க்கும் ஒரு பட்டியல் எழுதட்டும். முன்னது சுங்கத்துறை கேட்பது. பின்னதை எவரும் கேட்கமாட்டார்; ஆதலால் அதனையே முதலில் எழுதுதல் வேண்டும்.