திறப்பு விழாவுக்குப் பின்னும் உள்ள கடமை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு பணித்திட்டம் தோன்றி, வளர்ந்து, நிறைவெய்தும் முறைபற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். திட்டம் என்ற சொல்லைக் கேளாத இல்லம் நம் குடியிருப்பில் இல்லை. ஆலையில் நாள்தோறும் நடக்கும் உற்பத்தி வேறு; திட்டம் வேறு. திட்டத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. இடையே எண்ணித் துணிதல், திட்டமிடல், செய்தல், ஒப்படைத்தல் என நான்கு பருவங்கள் உள்ளன.

மும்பையிலிருந்து குமரி மாவட்டம் செல்வோர் பலரும் அறிந்த கொங்கண் இரயில் பாதையையே சான்றாகக் கொள்வோம். ரோஹா முதல் மங்களூரை அடுத்த தோக்கூர் வரை அதன் நீளம் ஏறக்குறைய 740 கிலோமீட்டர். 1990இல் இதற்கெனத் தனிக் கழகம் அமைந்தது, திரு. ஈ. ஸ்ரீதரன் தலைமை ஏற்றார். நடுவண் அரசும் நான்கு மாநில அரசுகளும் பங்கு முதல் இட்டன. எஞ்சிய பொருளில் பெரும்பகுதி கடன் பத்திரங்களால் திரட்டப்பட்டது. இது முதற்பருவம்.

அடுத்தது திட்டமிடல். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் அரசனுக்கு அடுத்தடுத்து வைத்த அதிகாரங்கள் இப்பருவத்திற்கும் பொருந்தும். தாளில் வரைந்த தடத்தை மாற்ற ஓர் அழிப்பான் போதும். வேலை தொடங்கியபின் மாற்றுவதற்குப் பெரும்பொருள் வேண்டும். பாதை செல்லும் இடம்பற்றி எதிர்ப்பு எழுந்தமையால் 1993இல் கோவாப் பகுதியில் பணி சில மாதங்கள் நின்றது.

மூன்றாம் பருவத்தில் தொண்ணூறுக்கு மேற்பட்ட குகைகளும் இரண்டாயிரம் அளவிலான பாலங்களும் எழுந்தன. கடும்பாறையினும் நீர் ஊறிய களிமண்ணே பெருந்தொல்லை தந்தது. குடையக் குடையச் சரிந்தது. ஐந்தாண்டில் முடிக்க எண்ணிய பணி 1998 ஜனவரியில்தான் முழுமை பெற்றது. ஆயினும் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டதனால், முடிந்த இடங்களில் 1993 முதலே வண்டிகள் ஓடின.

அன்பர்களே! மாலையும் மேளமும் முடிந்தபின் நாம் மறக்கும் பருவம் நான்காவது. 2003 ஜூனிலும் 2004 ஜூனிலும் மழையால் பெயர்ந்த பாறைகள் பாதையில் விழுந்து, வண்டிகள் கவிழ்ந்து, பல உயிர்கள் மாண்டன. அதன்பின் மலைச்சரிவுகளுக்கு வலை கட்டும் பணியும் காவலர் சுற்றும் பணியும் பெருகின. மழைக்காலத்திற்கென வேகம் குறைத்த தனிக் கால அட்டவணை இன்றும் உண்டு. கட்டியவர் தம் கணக்கை முடிக்கும் நாளில் காப்பவர் கணக்கைத் தொடங்க வேண்டும். அவருக்கு ஆளும் பொருளும் தேவை. எந்தச் சரிவு வலுவற்றது என்ற குறிப்பும் வேண்டும். இவற்றைக் கையளித்தலே உண்மையான ஒப்படைப்பு.

நாளை நம் சங்கம் ஒரு நூலகம் எழுப்ப விரும்பலாம். அடிக்கல் நாட்டுமுன், பத்தாம் ஆண்டில் அதன் கூரையைப் பழுதுபார்ப்பவர் யார், அதற்குப் பணம் எது என்று எழுதி வைத்துக்கொள்வோமாக. தொடக்கத்திலேயே அவ்வினாவை எழுப்பினால் விடை எளிது. கூரை ஒழுகும் நாளில் அரிது.