சீரியலில் இல்லாத பிள்ளை

வல்லம் ஒன்றியத் தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியது. எழுத்தாகப் போடச் சொல்லிக் கேட்ட தோழர்களுக்காக இங்கே பகிர்கிறோம்.



மைக் கிடைச்சா வழக்கமா பத்து நிமிஷம் பேர் சொல்லி வாழ்த்திட்டுத்தான் விஷயத்துக்கு வருவோம். இன்னிக்கு நேரா வந்துடுறேன். சீரியல் நேரத்துக்கு முன்னாடி முடிச்சுடணும்னு அக்காமார் ஏற்கெனவே சொல்லிட்டாங்க. நான் பேசப் போறதும் சீரியலைப் பத்தித்தான்.

சன் டிவியில் 2022-ல் ஆரம்பிச்ச 'எதிர்நீச்சல்' உங்களுக்கு நினைவிருக்கும். ஆதி குணசேகரன், அவருக்குக் கீழே மூணு தம்பி, ஒரே தங்கச்சி ஆதிரை. அந்தப் பொண்ணுக்கு மனசுல ஒருத்தன், வீட்டில் முடிவு பண்ணினது கரிகாலன். 2023-ல் அந்தக் கல்யாணம் ஓடின நாட்களில் இந்தப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்தச் சத்தம்தான். "பிடிக்காதவனுக்குக் கட்டி வைக்கிறாங்களே பாவிங்க"ன்னு திட்டாத வீடு இல்லை. மனசு ஒப்பாத கல்யாணம் எவ்வளவு பெரிய கொடுமைன்னு நம்ம அம்மாக்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அவங்களுக்கு அது நல்லாவே தெரியும்.

அதே வீட்டில் ஐந்தாவதா ஒரு தம்பி இருந்து, அவனுக்குப் பெண்கள் மேல ஈர்ப்பே இல்லாம, இன்னொரு ஆணைத்தான் பிடிச்சிருந்தா? அவனையும் மணவறையில் உட்கார வெச்சிருப்பாங்க. அவன் வாழ்க்கையோட, ஒண்ணும் தெரியாம கழுத்தை நீட்டின பொண்ணு வாழ்க்கையும் சேர்ந்து போயிருக்கும். கொடுமை அதேதான், இங்கே பாதிக்கப்படுறவங்க ரெண்டு பேர். ஆனா அந்த ஐந்தாவது தம்பியை நம்ம சீரியல் எழுதுறவங்க யாரும் அந்த வீட்டுக்குள்ள விடறதில்லை.

சன் டிவி வந்தது 1993-ல். அன்னியிலிருந்து இன்னிக்கு வரைக்கும் 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்'னு எத்தனை குடும்பத்தை நம்ம வீட்டுக் குடும்பமா பார்த்திருக்கோம். அதில் தன்பாலின ஈர்ப்பு உள்ள பிள்ளையா, மருமகனா, அத்தையா மனசில் நின்ன ஒரே ஒரு பாத்திரத்தின் பேரைச் சொல்லுங்க பார்ப்போம். கீழே கமெண்டில் எழுதுங்க, காத்திருக்கேன்.

சீரியல்ல இல்லைன்னா டிவியில் எங்கேயுமே இல்லையான்னா, இருக்கு. காமெடி நிகழ்ச்சியில் இருக்கு. 'அது இது எது'வில் 'சிரிச்சா போச்சு' சுற்றில் ஆம்பளைங்க புடவை கட்டி நெளிஞ்சுக்கிட்டு வருவாங்க, எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் சிரிப்பை அடக்கணும். சினிமாவிலும் இருக்கு. 2006-ல் வந்த 'வேட்டையாடு விளையாடு'வில் அமுதன், இளமாறன்னு ரெண்டு கொடூரக் கொலைகாரங்க. அவங்களுக்குள்ள அப்படி ஒரு உறவு இருக்குமோன்னு ஒரு வசனம் போட்டுக் காட்டுவாங்க. 2010-ல் 'கோவா' படத்தில் சம்பத் ராஜும் அரவிந்த் ஆகாஷும் ஒரு ஜோடியா வருவாங்க. அது மத்த படங்களை விடக் கொஞ்சம் அன்பான சிரிப்பு. ஆக, சிரிக்கிற பொருளா இருக்கணும், இல்லேன்னா கொலைகாரனா இருக்கணும். சாயங்காலம் காய் வாங்கிட்டு வீட்டுக்கு வர்ற சாதாரண மனுஷனா வர வழியில்லை.

இந்தச் சிரிப்பு நம்ம மண்ணில் பிறந்ததான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து நடக்குது. மேலச்சேரி கோவில்தான் மூலம்னு பெரியவங்க சொல்லுவாங்க. மீசையை மழிச்ச ஒரு ஆம்பளை பாஞ்சாலி வேஷம் கட்டி வெளியே வந்தா, எங்க பாட்டி வயசுக்காரங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க. வேஷம் கட்டுறது வேற, தன்பாலின ஈர்ப்பு வேற, அது எனக்கும் தெரியும். பெண் சாயலில் ஒரு ஆணைப் பார்த்ததும் சிரிக்கணும்னு நமக்குப் பழக்கினது கூத்து மேடை இல்லைன்னுதான் சொல்றேன்.

இன்னொரு குழப்பமும் நம்மகிட்ட உண்டு. சித்திரையில் கூவாகம் வந்தா எல்லாச் சேனல் கேமராவும் விழுப்புரத்தில் வந்து இறங்கும். அதைப் பார்த்துப் பார்த்து, திருநங்கைன்னாலும் தன்பாலின ஈர்ப்பாளர்னாலும் ஒண்ணுதான்னு நினைக்கிறவங்க நிறைய. நான் யார், ஆணா பெண்ணா என்பது ஒரு விஷயம். எனக்கு யார் மேல ஈர்ப்பு என்பது வேற விஷயம். ஆணாகவே வாழ்ந்துக்கிட்டு இன்னொரு ஆணை நேசிக்கிறவர் திருநங்கை கிடையாது. அவர் உங்க பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பார், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

திருநங்கையர் விஷயத்தில் தமிழ் டிவி கொஞ்ச தூரமாவது நடந்திருக்கு, அதை மறைக்கக் கூடாது. 2008-ல் இங்கே திருநங்கையர் நல வாரியம் வந்தது. அதே வருஷம் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை ரோஸ் வெங்கடேசன் நடத்தினார். 2014 ஆகஸ்ட் 15 அன்னிக்குக் கோவை லோட்டஸ் நியூஸில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசிச்சார். 2022-ல் பிக்பாஸ் ஆறாவது சீசனில் ஷிவின் கணேசன் கடைசி மூணு பேரில் ஒருத்தரா நின்னார். எங்க தெருவில் ஷிவினுக்கு ஓட்டுப் போடச் சொல்லி என் போனைப் பிடுங்கின அத்தைங்க இருக்காங்க. முன்னாடி அவங்க வாயில் என்ன வார்த்தை வரும்னு எனக்குத் தெரியும். இப்ப 'அந்தப் பொண்ணு'ன்னுதான் வருது. நூறு நாள் தினமும் ராத்திரி ஹாலில் பார்த்ததில் வந்த மாற்றம் அது.

ஹாலில் என்ற வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். ஏன்னா, "அதான் ஓடிடியில் எல்லாம் வருதேப்பா"ன்னு நம்ம தம்பிங்க சொல்லுவாங்க. வருதுதான். 2019-ல் வந்த 'மேட் இன் ஹெவன்' தொடரில் கரண்னு ஒரு கல்யாண ஏற்பாட்டாளர். ஊரார் கல்யாணத்தை எல்லாம் நடத்தி வைக்கிறவரை 377-வது பிரிவில் பிடிச்சுப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைப்பாங்க. அதில் நடிச்ச அர்ஜுன் மாத்தூர் சர்வதேச எம்மி விருதுக்கே பரிந்துரைக்கப்பட்டார். தாய்லாந்து தொடர்களை சப்டைட்டில் வெச்சுப் பார்க்குற பிள்ளைங்களும் இங்கே இருக்காங்க. ஆனா அதெல்லாம் இயர்போன் மாட்டிக்கிட்டு, போர்வைக்குள்ள பார்க்குறது. அம்மா, அப்பா, பாட்டி, கூட ஒரு தட்டு சோறு, அந்த இடத்துக்கு அது வர்றதில்லை.

என் கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தன் இருக்கான். அவன் சம்மதத்தோடதான் இதைச் சொல்றேன். ஹாஸ்டல் டிவியில் அந்த மாதிரி காமெடி வந்தா எல்லாரும் அவன் பக்கம் திரும்பிச் சிரிப்பாங்க, அவனும் சேர்ந்து சிரிப்பான். இப்ப வேற ஊரில் வேலை. வீட்டில் ஜாதகம் எடுத்துட்டாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அம்மா போனில் ஒரு போட்டோ அனுப்புவாங்க. அவன் என்கிட்ட சொன்னது இதுதான்: "எங்கம்மாகிட்ட இதைச் சொல்ல என்கிட்ட வார்த்தையே இல்லடா. இங்கிலீஷ் வார்த்தை அவங்களுக்குப் புரியாது, தமிழ்ல தெரிஞ்சதெல்லாம் கெட்ட வார்த்தை. ஒரே ஒரு சீரியல்ல வந்திருந்தா, 'அந்தப் பையன் மாதிரிம்மா நானும்'னு சொல்லி முடிச்சிருப்பேன்."

கோர்ட்டு அவனுக்காக நிறைய தூரம் வந்திருக்கு. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம், வயசு வந்த ரெண்டு பேர் மனசொத்து வாழ்றது குற்றம் இல்லைன்னு சொல்லிடுச்சு. 2021-ல் மதுரையிலிருந்து ரெண்டு பெண்கள் சென்னைக்கு ஓடி வந்து, பெத்தவங்க கொடுத்த புகாரில் போலீஸ் தேடுதுன்னு உயர் நீதிமன்றத்தில் நின்னாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செஞ்சார் தெரியுமா? எனக்கே இது சரியா புரியலைன்னு திறந்த மனசா சொல்லி, ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம்தான் உத்தரவு போட்டார். 'மாத்திடுறோம்'னு சொல்லிச் செய்யற சிகிச்சைக்கெல்லாம் தடை வந்தது அந்த வழக்கில்தான். இவங்களைத் துன்புறுத்தக் கூடாதுன்னு 2022-ல் தமிழ்நாட்டில் காவலர் நடத்தை விதிகளே திருத்தப்பட்டது. மரியாதையா அழைக்கத் தமிழ்ச் சொற்களின் பட்டியல் அரசிதழில் வந்ததும் அதே வருஷம். 2023-ல் கல்யாண உரிமையை உச்ச நீதிமன்றம் தரலை. ஆனாலும் 2025 மே மாசம் நம்ம உயர் நீதிமன்றம், கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி இல்லை, இவங்க தாங்களே ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கு.

அரசிதழை எந்த அம்மா படிக்கிறாங்க? அதுக்குத்தான் சீரியலைக் கேட்கிறேன்.

"இதெல்லாம் டிவியில் நடக்காத காரியம்"னு சொல்றவங்களுக்கு: 2010-லேயே நடந்திருக்கு. ஸ்டார் பிளஸ்ஸில் 'மர்யாதா'ன்னு ஒரு ஹிந்தி சீரியல். கண்டிப்பான பெரிய குடும்பம், மருமகள்கள், மாமனார் அதட்டல், எல்லாம் நமக்குப் பழகின சமாச்சாரம். அந்த வீட்டுப் பிள்ளை கௌரவ் தன்பாலின ஈர்ப்பாளர், குடும்பத்துக்குப் பயந்து கல்யாணம் செஞ்சுக்கிட்டவன். நான் மேலே சொன்ன ஐந்தாவது தம்பி அவன்தான். 377 பற்றிக் கோர்ட்டு இன்னும் முடிவா எதுவும் சொல்லாத காலத்தில் அதைக் காட்டியிருக்காங்க.

டிஆர்பி பயம் இருக்கும், புரியுது. வியாழக்கிழமை நம்பர் வந்தா வெள்ளிக்கிழமை கதை மாறுற தொழில் அது. பிரேசிலில் குளோபோ சேனல் 1998-ல் ஒரு சீரியலில் ரெண்டு பெண்களை ஜோடியா காட்டிச்சு. பார்க்குறவங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சதும், ஷாப்பிங் மால் வெடிச்சு ரெண்டு பேரும் செத்ததா கதையை முடிச்சுட்டாங்க. நம்ம ஊர்ல லாரி மோதும், அங்கே மால் வெடிக்கும். அதே குளோபோ 2014 ஜனவரி 31-ல், இரவு நேரப் பெரிய சீரியலோட கடைசி எபிசோடில் ரெண்டு ஆண்கள் முத்தமிடுறதைக் காட்டிச்சு. இடையில் 16 வருஷம்.

பிரிட்டனில் பிபிசியோட 'ஈஸ்ட்எண்டர்ஸ்' சீரியல் 1987-ல் ஒரு ஆண் இன்னொரு ஆணுக்கு நெத்தியில் முத்தம் கொடுக்கிறதைக் காட்டினதுக்கே பத்திரிகைகள் கொதிச்சுப் போச்சு. அந்தப் பாத்திரத்தில் நடிச்ச மைக்கேல் கேஷ்மன் பின்னாடி அரசியலுக்கு வந்தார். தொழிலாளர் கட்சி சார்பில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரா 1999-லிருந்து 15 வருஷம் இருந்தார், இப்ப பிரபுக்கள் சபையில் இருக்கார். சீரியல் நடிகர்னா அரசியலுக்கு எதுக்குன்னு கேட்கிறவங்க இதையும் குறிச்சுக்கலாம்.

தூரத்துக் கதை வேண்டாம்னா பக்கத்து மாநிலத்துக்கு வாங்க. ஆதிலா, நூரா என்ற ரெண்டு பெண்களைச் சேர்ந்து வாழ விட்டு 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2025-ல் அதே ஜோடி மலையாள பிக்பாஸ் வீட்டுக்குள்ள போனாங்க. சக போட்டியாளர் ஒருத்தர் அவங்களை வீட்டில் ஏத்தமாட்டேன்னு சொன்னதுக்கு, நடத்துறவர் மோகன்லால், என் வீட்டில் நான் ஏத்துவேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னார். நம்ம சினிமாவில் 'காதல் என்பது பொதுவுடைமை' 2025 காதலர் தினத்தில் வெளியாச்சு. முற்போக்கு பேசுற அம்மாவா ரோகிணி, பொண்ணா லிஜோமோள். காதலிக்கிறேன்னு மகள் சொன்னதும் ஆசையா கூட்டிட்டு வரச் சொல்ற அம்மா, வந்தது ஒரு பொண்ணுன்னதும் எப்படித் தடுமாறுறாங்க என்பதுதான் படம். தியேட்டரில் கொஞ்ச நாள்தான் நின்னது. அதே கதையை ராத்திரி எட்டு மணிக்கு ஆறு மாசம் ஓட்டிப் பாருங்க.

"குடும்பத்தோட பார்க்குற நேரத்தில் இதெல்லாம் வேணுமா?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். பாலில் விஷம் கலக்குறது, கர்ப்பிணியை மாடிப்படியில் தள்ளி விடுறது, பொண்டாட்டி இருக்கும்போதே இன்னொரு தாலி கட்டுறது, இதையெல்லாம் பிள்ளைங்களோட உட்கார்ந்துதானே பார்க்குறோம்? நான் கேட்கிறது படுக்கையறைக் காட்சி இல்லை. "எனக்குப் பொண்ணு பார்க்காதேம்மா"ன்னு ஒரு பையன் அடுப்பங்கரையில் நின்னு சொல்ற காட்சி.

"வெளிநாட்டுக் கலாச்சாரம்"னும் சொல்லுவாங்க. நம்ம செஞ்சிக் கோட்டையை வெள்ளைக்காரன் 1761-ல் பிடிச்சான். 377-ஐ 1860-ல் தண்டனைச் சட்டத்தில் எழுதினவனும் அவன்தான். கோட்டை 1947-ல் நம்ம கைக்கு வந்துடுச்சு. அவன் எழுதின அந்த வரியிலிருந்து வெளியே வர நமக்கு 2018 ஆச்சு.

கடைசியா நம்ம அணித் தோழர்களுக்கு. 'அவனா நீ' டெம்ப்ளேட்டை எல்லாக் கட்சிப் பக்கங்களும் எதிராளியைக் கலாய்க்கப் போடுது. எதிர்க்கட்சித் தலைவர் அதைப் பார்க்கப் போறதே இல்லை. பார்க்கப் போறவன் நம்ம குரூப்பிலேயே, நம்ம போஸ்ட்டுக்கு முதல் ஆளா லைக் போடுற ஒரு தம்பியா இருக்கலாம். எதிரியைத் திட்ட ஊழல் இருக்கு, நிறைவேத்தாத வாக்குறுதி இருக்கு, சரக்குக்குப் பஞ்சமே இல்லை. அந்த டெம்ப்ளேட்டை டிரைவிலிருந்து இன்னிக்கே நீக்கிடுங்க. இந்தப் பக்கத்து அட்மின்களும் கமெண்டில் அந்த வார்த்தை வந்தா ஹைட் பண்ணிடுங்க.

அக்காமாருக்கு ஒண்ணு. நிகழ்ச்சி பற்றிப் புகார் இருந்தா தெரிவிக்கச் சொல்லி சீரியல் நடுவில் கீழே ஒரு முகவரி ஓடும், கவனிச்சிருப்பீங்க. காமெடின்னு சொல்லி இவங்களை அசிங்கப்படுத்தினா அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்க. ஐந்தாவது தம்பியை எந்தச் சேனலாவது எழுதினா, அன்னிக்கு ரிமோட்டைக் கையில் எடுக்காதீங்க. வியாழக்கிழமை நம்பர் உங்க கையில்தான் இருக்கு.

நேரம் ஆச்சு, சீரியல் ஆரம்பிச்சிருக்கும். கிளம்புங்க.